வெள்ளத்தில் ஊறிய கேரவன் அலமாரிகள்: புதிதாக வாங்குவதா, செய்வதா?

கடலூர் தாழங்குடா பக்கம் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கோயில் குளம் போய்வர, வெளிமாநிலத்தில் கேரவனாக மாற்றிக் கட்டிய டெம்போ டிராவலர் ஒன்றைப் பழையதாக வாங்கினாராம். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை பொங்கி வந்தபோது வண்டிக்குள்ளேயும் ஒரு சாண் தண்ணீர். கீழ் அலமாரிகள் எல்லாம் ஊறி உப்பிவிட்டன. மேல் அலமாரிகள் நனையவில்லை, ஆனால் ஓடும்போது கிறீச்சிடுகின்றன, ஒன்று ஒரு பக்கம் இறங்கியே நிற்கிறது. ரெடிமேடாக எங்காவது கிடைக்குமா, மாடுலர் கிச்சன் கடைக்காரர் 18 மி.மீ. பலகையில் மைக்கா ஒட்டித் தருகிறேன் என்கிறாரே கொடுத்துவிடலாமா, அப்பா பண்ருட்டிப் பலாப் பலகை வீட்டில் கிடக்கிறதே என்கிறாரே அதில் செய்யலாமா, சட்டப்படி ஏதும் சிக்கல் வருமா? இவைதான் கேள்விகள்.

என் அப்பா புதுச்சேரி அரியாங்குப்பத்தில் வீட்டு வேலை பார்த்த ஆசாரி. நான் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகுகளின் கேபின் வேலை பார்த்துப் பழகி, அப்புறம் வேன் உள்வேலைக்கு வந்தவன். அந்த மூன்றையும் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன் தம்பி: அலமாரியின் பெட்டிகளை, அதாவது கூடுகளைச் செய்துகொள்ளுங்கள், பூட்டு, கீல், இழுப்பறை ஓடும் சேனல் போன்றவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டு அலமாரி சுவரோரம் சும்மா நிற்கிறது. வண்டி அலமாரி வண்டியோடு சேர்ந்து குதிக்கிறது, திரும்புகிறது, பிரேக் போட்டால் முன்னால் பாய்கிறது. அதை வண்டியின் ஓர் உறுப்பாகத்தான் பார்க்க வேண்டும். ஊரில் இதை ஏற்கெனவே புரிந்து வைத்திருப்பவர்கள் படகு வேலைக்காரர்களும் பஸ் பாடி கட்டுபவர்களும்தான். கிச்சன் கடைக்காரர் நல்ல மனிதராகவே இருக்கலாம், ஆனால் அவருக்கு இந்த வேலை புதிது.

முதலில் ரெடிமேட் விஷயம். யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டுப் பலரும் இதைக் கேட்கிறார்கள். அங்கே இண்டியானா மாநிலத்தில் எல்க்கார்ட் என்கிற ஊரைச் சுற்றித்தான் இந்த வண்டித் தொழிற்சாலைகள் நிறைய இருக்கின்றன. தொழிற்சாலையில் மிஞ்சிய கதவு, இழுப்பறை, முழு அலமாரி எல்லாம் அங்கே மலிவாக விற்கும் கடைகள் உண்டு. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுகளும் உண்டு. ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் ஓடுவதால் ஒன்றின் அலமாரி இன்னொன்றில் பொருந்துகிறது. நம் ஊரில் ஒவ்வொரு கேரவனும் தனித்தனியாகக் கட்டியது. உங்கள் வண்டியின் அலமாரிக்கு இரட்டை எங்கேயும் பிறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமென்றாலும் கப்பல் செலவு, வரி எல்லாம் கொடுத்துவிட்டு, கடைசியில் டிராவலரின் வளைந்த பக்கச்சுவரில் அது உட்காராது. வீட்டுக்கான ரெடிமேட் அலமாரிகள் 60 செ.மீ. ஆழம் வரை வருகின்றன. வேனில் அவ்வளவு ஆழம் வைத்தால் நடுவில் நடக்க வழியில்லை. கீழே 45 முதல் 50, மேலே 30 செ.மீ., அதுதான் நமக்குக் கட்டுப்படியாகும்.

ஆனால் அந்த அமெரிக்க அலமாரிகளிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. நிறைய வண்டிகளில் மெல்லிய மரச் சட்டம் அடித்து, அதன்மேல் 3 மி.மீ. அளவு ப்ளைவுட் தோலைப் போர்த்தி, ஸ்டேப்பிள் அடித்திருப்பார்கள். பார்த்தால் நோஞ்சான். ஸ்டேப்பிள் விட்டுப்போகிறது என்று அங்கே எல்லோரும் புலம்புகிறார்கள். அந்தப் புலம்பல் நியாயம்தான், ஆனால் சட்டமும் மெல்லிய தோலும் என்கிற யோசனை சரியானது. கனமான பலகையில் பெட்டி செய்து உள்ளே இறக்குவதைவிட, வண்டியின் எலும்போடு சட்டத்தைக் கட்டி, தோலை அதன்மேல் ஒட்டுவது இலகுவானது, உறுதியானதும்கூட. ஸ்டேப்பிளுக்குப் பதில் பசையும் ஸ்க்ரூவும் போட்டால் போதும்.

இனி உங்கள் வண்டியில் என்ன நடந்தது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தில் சிங்குக்குக் கீழே உள்ள பலகையின் அடிவிளிம்பு காலிஃபிளவர் மாதிரி விரிந்திருக்கிறது. அது பார்ட்டிகிள் போர்டு. மரத்தூளையும் சிராய்களையும் பசையில் அழுத்திய பலகை. மைக்கா மேலே தண்ணீரை விடாது, ஆனால் அறுத்த விளிம்பு திறந்தே இருந்தால் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சிவிடும். ஒருமுறை உப்பியது காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. உள்ளே சிராய்களைப் பிடித்த பசை விட்டுப்போயிருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள், ரஸ்க் மாதிரி உதிரும். அதில் எந்த ஸ்க்ரூவும் நிற்காது. அதைக் காப்பாற்ற முயலாதீர்கள், கழற்றிப் போடுங்கள். கழற்றும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள்: ஒவ்வொரு துண்டையும் உடைக்காமல் எடுத்து, சாக்பீஸால் எண் போட்டு வையுங்கள். உப்பியிருந்தாலும் அதுவே உங்களுக்கு அளவுப் படம்.

அவசரப்பட்டு உடனே புதிதை வைத்து மூடிவிடாதீர்கள். தரை ப்ளைவுட்டையும் ஒரு மூலையில் தூக்கிப் பாருங்கள். வெள்ளத்து வண்டல் தரைக்குக் கீழே தங்கியிருந்தால், ஈரம் மாதக் கணக்கில் போகாது. நல்ல தண்ணீரில் கழுவி, கதவுகளைத் திறந்து இரண்டு வாரமாவது வெயிலில் காய விட்டு, துருப் பிடித்த இடங்களைக் கம்பி பிரஷால் தேய்த்து ஜிங்க் ப்ரைமர் அடித்த பிறகுதான் மரவேலை. 12 வோல்ட் ஒயர்கள் அடியில் ஓடியிருந்தால் இணைப்புகள் பச்சை பூத்திருக்கும். எலக்ட்ரீஷியனை அலமாரிக்கு முன்னால் கூப்பிடுங்கள், பின்னால் கூப்பிட்டால் புது அலமாரியைத்தான் பிரிப்பார்.

இப்போது எடை. இதில்தான் கிச்சன் கடைக்காரரின் யோசனை அடிபடுகிறது. எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் தாள் ஒன்று, 18 மி.மீ. கனத்தில் ஏறத்தாழ 37 கிலோ வரும். 1 மி.மீ. மைக்கா ஒரு தாள் 4 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. இரண்டு பக்கமும் ஒட்டினால் பலகை 45 கிலோவைத் தொடும். உங்கள் வண்டிக்கு ஆறு தாள் பிடிக்கும் என்று வைத்தால் 270 கிலோ. அதையே 12 மி.மீ. பலகையில், மைக்கா இல்லாமல் பெயின்ட் அடித்துச் செய்தால் தாளுக்கு 25 கிலோ, மொத்தம் 150. மிச்சம் 120 கிலோ, அதாவது உங்கள் அப்பாவும் அம்மாவும் உட்காரும் எடை. இத்தோடு தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் 100 கிலோ, பேட்டரி, கட்டில், பாத்திரம், ஏழு பேரின் துணிமணி எல்லாம் சேரும்.

ஆர்.சி.யில் வண்டியின் காலி எடையும், சுமையோடு இருக்கலாம் என்று அனுமதித்த மொத்த எடையும் எழுதியிருக்கும். அலமாரிகளைக் கழற்றிய பிறகு, மணல் லாரிகள் போகும் ஏதாவது எடை மேடையில் வண்டியை ஏற்றி எடை எடுங்கள். முன் சக்கரம் மட்டும் ஏற்றி ஒன்று, பின் சக்கரம் மட்டும் ஒன்று, முழுதாக ஒன்று. மூன்று சீட்டையும் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். பின் அச்சுக்கு அப்பால், வால் பக்கத்தில் கனத்தை ஏற்றினால் முன்பக்கம் லேசாகி ஸ்டீயரிங் மிதக்கும். கனமானவை அச்சுக்கு அருகே, தரையோடு இருக்க வேண்டும். இடது பக்கம் முழுக்க சமையல், வலது பக்கம் வெறும் இருக்கை என்றால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே ஓடும். தண்ணீர்த் தொட்டியை எதிர்ப்பக்கம் வைத்துச் சரிக்கட்டலாம்.

எந்தப் பலகை என்பதற்கு வருகிறேன். நீங்கள் கடலோரத்தில் இருக்கிறீர்கள். உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் மழை, கத்திரி வெயிலில் மூடிய வண்டிக்குள் அடுப்பு மாதிரிச் சூடு. இந்த மூன்றையும் தாங்க வேண்டும்.

மரநாரைப் பசையில் அழுத்திய எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டையும் மறந்துவிடுங்கள். ஈரத்துக்கு மட்டுமல்ல, அவற்றின் பசையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு சூட்டில் அதிகமாக வெளியேறும். மூடிய வண்டியைத் திறந்ததும் கண் எரிகிறது, அம்மாவுக்குத் தலை வலிக்கிறது என்றீர்களே, வெள்ளத்துக்கு முன்பே அந்த வாடை இருந்திருந்தால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

பி.வி.சி. ஃபோம் போர்டு தண்ணீரில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, உண்மைதான். வெள்ளம் வந்த வீடுகளில் இப்போது எல்லோரும் அதற்குத்தான் மாறுகிறார்கள். வண்டிக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்க்ரூவின் பிடிப்பு குறைவு, குலுக்கலில் துளை பெரிதாகிக்கொண்டே போகும். நீளத் தட்டாகப் போட்டால் மே மாத வெயிலில் வளையும். போதாததற்கு 18 மி.மீ. தாள் 29 கிலோ அளவுக்கு வந்துவிடும், 12 மி.மீ. ப்ளைவுட்டைவிடக் கனம். சிங்குக்கு அடியில் ஒரு தட்டு, செருப்பு வைக்கும் பெட்டி, இப்படிச் சுமை தாங்காத இடங்களில் பயன்படுத்துங்கள்.

அலுமினிய செக்‌ஷனும் ஏ.சி.பி. ஷீட்டும் (நடுவில் பிளாஸ்டிக், இரு பக்கமும் அலுமினியத் தகடு) போட்டுச் செய்யும் ஃபேப்ரிகேஷன் கடை கடலூரிலும் புதுச்சேரியிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறது. 4 மி.மீ. ஏ.சி.பி. தாள் 16 கிலோதான். உங்களுக்கு மறுபடியும் வெள்ளம் வரும் என்ற பயம் இருந்தால் கீழ் அலமாரிகளை இதில் செய்வது மோசமான யோசனை இல்லை. ஆனால் வெறும் ரிவெட்டில் நிறுத்தினால் ஆறு மாதத்தில் ஒவ்வொரு மூட்டும் கலகலக்கும். மூட்டுகளில் பாலியூரித்தேன் பசை வைத்து அதற்குமேல் ரிவெட் அடிக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ நேராகத் தொட்டு உப்பு ஈரமும் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். நடுவில் நைலான் வாஷர் போட்டால் அது நிற்கும்.

நான் கைவைப்பது மரைன் ப்ளைவுட்தான், ஐ.எஸ். 710 தரம். இதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் விடக்கூடாது என்பது அந்தத் தரத்தின் சோதனை. பலகை முத்திரையில் மரைன் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, ஐ.எஸ்.ஐ. குறியும், அதனோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிடலாம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை ஒரு கடையில் பெரிய எழுத்தில் முத்திரை குத்திய பலகையை நம்பி நாலு தாள் வாங்கி, முழு வண்டியையும் முடித்தேன். முதல் மழைக்காலத்திலேயே கழிப்பறைப் பக்கத்துப் பலகை தாள் தாளாகப் பிரிந்தது. வண்டிக்காரரிடம் என்னால் நிமிர்ந்து பேச முடியவில்லை. சொந்தச் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தாளிலும் கையகலத் துண்டு அறுத்து, வீட்டில் பழைய குக்கரில் ஒரு நாள் முழுக்க கொதிக்க வைத்து, காய்ந்ததும் உளி முனையை அடுக்குகளுக்கு நடுவே கொடுத்து நெம்பிப் பார்க்கிறேன். மரம் கிழிந்தால் நல்ல பலகை. பசை வழுக்கிக்கொண்டு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நீங்களும் பில் போடுவதற்கு முன்பே கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் தயங்க மாட்டார்.

கூட்டுக்கு 12 மி.மீ., மேல் அலமாரிக்கு 9 மி.மீ., முதுகுப் பலகைக்கு 4 அல்லது 6. இந்த மெல்லிய பலகையில் விளிம்பில் ஸ்க்ரூ அடித்தால் அடுக்கு பிளந்துவிடும். அதனால் உள்மூலைகளில் முக்கால் அங்குல ரீப்பர் ஓட்டி, பலகையின் முகத்திலிருந்து ரீப்பருக்குள் ஸ்க்ரூ போக வேண்டும். ரீப்பருக்கு பைன் மரம் இலகுவானது. சிப்காட் பக்கம் இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பைன் சட்டங்கள் பழைய மரக் கடைகளில் கிடைக்கும், ஆணியைப் பிடுங்கி இழைத்துக்கொள்ளலாம். மூட்டுகளுக்கு ஃபெவிகால் மரைன், சாதா ஃபெவிகால் வேண்டாம். தடுப்புப் பலகைகளில் ஓரம் மூன்று அங்குலம் விட்டு நடுவை ஜிக்ஸாவால் வெட்டி எடுத்துவிடலாம். பலம் பெரிதாகக் குறையாது, எடை குறையும், காற்றும் ஓடும்.

அப்பாவின் பலாப் பலகைக்கு என்ன பதில்? வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். பண்ருட்டிப் பலா இழைத்து எண்ணெய் தேய்த்தால் வரும் மஞ்சள் நிறத்துக்கு எந்த மைக்காவும் ஈடில்லை. ஆனால் முழு மரம் மழைக்காலத்தில் அகலவாக்கில் விரியும், வெயிலில் சுருங்கும். கதவு முழுதாக அதில் செய்தால் ஐப்பசியில் மாட்டும், சித்திரையில் இடைவெளி விடும். கனமும் கூட. அதனால் அதைச் சிறிய துண்டுகளாகப் பயன்படுத்துங்கள்: கதவின் ஓரச் சட்டம், சமையல் மேடையின் முன்விளிம்பில் பாத்திரம் வழுக்கி விழாமல் ஓர் அங்குலம் உயர்ந்த தடுப்பு, கைப்பிடி. வீட்டு மரம் வண்டியில் இருக்கும், அப்பாவுக்கும் திருப்தி.

விளிம்பு அடைப்பதைப் படகுக்காரர்களிடம்தான் கற்றேன். தேங்காய்த்திட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெரியவர் கேபின் பலகையில் ஸ்க்ரூ போட வேண்டிய இடத்தில் முதலில் பெரிய துளையாகப் போட்டார். எனக்குப் புரியவில்லை. அந்தத் துளைக்கு அடியில் டேப் ஒட்டி, மேலிருந்து எப்பாக்ஸியை (இரண்டைக் கலந்தால் கல்லாக இறுகும் பிசின்) சொட்டுச் சொட்டாக நிரப்பினார். மறுநாள் அது கல்லாக இறுகியபின், அதன் நடுவில் சின்னத் துளை போட்டு ஸ்க்ரூவை ஏற்றினார். ஸ்க்ரூ மரத்தைத் தொடவே இல்லை. அதன் வழியாகத் தண்ணீர் பலகைக்குள் இறங்க வழியே இல்லை. சிங்குக்குக் கீழே, கழிப்பறை ஓரம், கதவருகே வரும் எல்லா ஸ்க்ரூவுக்கும் நான் இன்றும் இப்படித்தான் செய்கிறேன். மற்றபடி, அறுத்த விளிம்பு ஒவ்வொன்றிலும் எப்பாக்ஸியை இரண்டு தடவை பிரஷால் தடவி, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடியுங்கள். ஒயர் போகும் துளையின் உள்வட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். ஃபைபர் படகுப் பட்டறையில் வாங்கும் பாலியெஸ்டர் ரெசினும் வேலை செய்யும், மலிவும்கூட, ஆனால் மரத்தில் எப்பாக்ஸி அளவு பிடிக்காது. அந்த ரெசினைக் கலக்கும்போது, அது இறுகுவதற்குச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றக்கூடாது, வெடித்துத் தீப்பிடிக்கும். ரெசினில் கோபால்ட்டை முழுதாகக் கலக்கி முடித்த பிறகே ஹார்ட்னர்.

வண்டியோடு எப்படிக் கட்டுவது என்பதில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் மேல் அலமாரி ஏன் இறங்கி நிற்கிறது? அநேகமாக வெறும் தகட்டில் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ அடித்திருப்பார்கள். வண்டித் தகடு 1 மி.மீ. கூட இருக்காது, அதில் ஸ்க்ரூவின் ஒரு மறை கூட முழுதாகப் பிடிக்காது. நானும் முதல் வண்டியில் அப்படித்தான் அடித்தேன். மரக்காணம் தாண்டி ஈ.சி.ஆரில் ஒரு வேகத்தடையில் முழு அலமாரியும் பெயர்ந்து, கீழே இருந்த படுக்கைமேல் விழுந்தது. பத்து நிமிடத்துக்கு முன்புவரை அந்தப் படுக்கையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

வண்டிக் கூரையிலும் பக்கத்திலும் மடித்த இரும்பு விலா எலும்புகள் ஓடும். உள் லைனிங்கைக் கழற்றினால் தெரியும். அந்த விலாவில் 9 மி.மீ. துளை போட்டு, ஓரத்தில் ப்ரைமர் தடவி, இரும்பு ரிவெட் நட் (துளையில் ரிவெட் மாதிரி இறுகி நிற்கும் நட்) பொருத்தி, 6 மி.மீ. போல்ட்டால் இறுக்க வேண்டும். போல்ட் தலைக்கும் ப்ளைவுட்டுக்கும் நடுவே அகலமான வாஷர், மறை கழலாமல் பிடிக்கும் லாக்டைட் பசை ஒரு சொட்டு. ஒரு மேல் அலமாரிக்கு மேலே குறைந்தது நாலு, பின்னால் மூன்று. விலா இல்லாத இடத்தில் அலமாரி வர வேண்டுமென்றால், இரண்டு விலாக்களுக்கு நடுவே ஒரு ஸ்கொயர் டியூபைக் குறுக்கே கட்டி, அதில் அலமாரியைக் கட்டுங்கள். வெளித் தகட்டைத் துளைக்கவே கூடாது, டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்துக்கு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். கீழ் அலமாரிகள் தரையிலும் பக்க விலாவிலும் இரண்டு இடத்திலும் பிடிக்க வேண்டும். தகட்டுக்கும் முதுகுப் பலகைக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, நைட்ரைல் ஃபோம் ஒட்டினால் அதிகாலையில் தகடு வியர்த்தாலும் பலகை நனையாது.

அளவு எடுப்பதற்கு டேப்பை மட்டும் நம்பாதீர்கள். டிராவலரின் பக்கம் மேலே போகப் போக உள்வாங்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்றும் சொல்ல முடியாது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, வளைவுக்கு ஏற்ப கத்தியால் செதுக்கிச் செதுக்கிப் பொருத்தி, அந்த அட்டையைப் பலகைமேல் வைத்து வரையுங்கள். வண்டி சமதரையில் நிற்கும்போது ரசமட்டம் வைத்து ஒரு கோடு போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அந்தக் கோட்டிலிருந்து அளந்துகொள்ளுங்கள். செய்து முடித்த கூடு பக்கக் கதவு வழியாக உள்ளே நுழையுமா என்று அட்டையிலேயே பார்த்துவிடுங்கள். பட்டறையில் அழகாக முடித்துவிட்டு, வாசலில் வைத்து அறுத்தவர்களை எனக்குத் தெரியும். பெரிய கூடுகளை இரண்டு துண்டாகச் செய்து உள்ளே போல்ட் போட்டுச் சேர்ப்பதுதான் நல்லது, பிற்பாடு ஒயர் பழுது பார்க்கவும் உதவும்.

கதவுகளுக்கு வீட்டில் போடும் ஆட்டோ கீல் போடலாம், ஆனால் அது கதவைப் பிடித்து வைக்கும் என்று நம்பாதீர்கள். காந்தமும் போதாது. முதல் வளைவிலேயே தட்டும் டம்ளரும் வெளியே வந்துவிடும். அமுக்கினால் குமிழ் வெளியே வந்து திறக்கும், மறுபடி அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் புஷ் லாக் என்று கேளுங்கள், ஆன்லைனில் கிடைக்கிறது. முதலில் பூட்டை வாங்குங்கள். ஒவ்வொரு பூட்டும் இத்தனை மி.மீ. கதவுக்குத்தான் என்று இருக்கும், கதவின் கனத்தை அதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இழுப்பறைகளுக்கும் அதே பூட்டுதான், ஏனென்றால் வழுக்கிக்கொண்டு ஓடுவதுதான் சேனலின் வேலை. மேல் அலமாரிக்கு மேலே தூக்கும் கதவும் அதைத் தாங்கி நிறுத்தும் கேஸ் ஸ்ட்ரட்டும் நல்லது, கண்ணெதிரே கதவு நீட்டிக்கொண்டு நிற்காது. ஸ்க்ரூ, கீல் எல்லாம் 304 தர ஸ்டெயின்லெஸ், கடற்கரையிலேயே வண்டியை நிறுத்துவதானால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 தரம்.

சிலிண்டர் பெட்டியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அதனால் சிலிண்டர் இருக்கும் அறையின் தரையிலேயே வண்டிக்கு வெளியே போகும் துளை இருக்க வேண்டும், உள்பக்கம் வண்டியோடு எந்த இடைவெளியும் இருக்கக் கூடாது. 5 கிலோ சிலிண்டரே போதும், அதை பெல்ட் போட்டுக் கட்டுங்கள். அந்த அறைக்குள் பேட்டரியோ சுவிட்சோ வேண்டவே வேண்டாம். வீட்டில் வயதானவர்களும் பிள்ளைகளும் இருப்பதால் இந்த ஒன்றில் மட்டும் செலவைக் குறைக்காதீர்கள்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. பழைய இடத்தில் புது அலமாரி வைப்பதில் அப்படி ஒன்றும் மாறாது. இருக்கை எண்ணிக்கையைக் கூட்டுவது குறைப்பது, ஜன்னலை அடைப்பது, இதெல்லாம் வந்தால் முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அவசர வழியை மறைத்து எந்த அலமாரியும் வேண்டாம்.

எல்லாம் பொருத்தியதும் பெயின்ட் அடிக்கும் முன்பே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு அலமாரியிலும் நீங்கள் வைக்கப்போகும் எடைக்கு மணல் மூட்டை கட்டி வைத்து, கடலூரிலிருந்து பண்ருட்டி வரை போய்த் திரும்புங்கள். வேகத்தடைகளில் மெதுவாக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வழக்கமாக எப்படி ஓட்டுவீர்களோ அப்படியே ஓட்டுங்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்து எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கேட்டு, அந்த மூட்டில் சாக்பீஸால் குறி போட வேண்டும். திரும்பி வந்ததும் குறி போட்ட இடங்களைப் பிரித்து, பசை வைத்து மறுபடி இறுக்கி, அதற்குப் பிறகு பெயின்ட் அடியுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் ஸ்பானர் வைத்து ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அந்தப் பழைய மேல் அலமாரி மட்டும், இவையெல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம் தம்பி, நாளைக்கே கழற்றிக் கீழே வைத்துவிடுங்கள்.